'ரிக்வெஸ்ட் ஃபார்', 'டிஸ்கஸ் அபௌட்': ஆங்கிலக் கடிதத்தில் ப்ரிபொசிஷன் கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பத்தமடைப் பாய் வியாபாரி சென்னைக் கடைக்கு அனுப்பும் மெயில், அபிஷேகப்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் எழுதும் விண்ணப்பம், வள்ளியூரில் இருந்து பெங்களூர் கம்பெனிக்குப் போகும் வேலைக் கடிதம் என எதை எடுத்தாலும் கால் இடறும் இடம் ஒன்றுதான். வினைச்சொல் சரியாக இருக்கும், காலம் சரியாக இருக்கும், ஸ்பெல்லிங்கை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். வினைக்கு அடுத்து நிற்கும் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொல் மட்டும், அதாவது 'டு', 'ஆன்', 'ஃபார்' போன்ற ப்ரிபொசிஷன் மட்டும், தப்பாக இருக்கும். இல்லையென்றால் வேண்டாத இடத்தில் இருக்கும், வேண்டிய இடத்தில் காணாமல் போயிருக்கும். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கிய பாளையங்கோட்டையில் படித்தவர்களுக்கும் இது நேரும்.

ஏன் நேருகிறது

தமிழில் ஒட்டு பெயருக்குப் பின்னால் வரும்: வீட்டில், அண்ணாச்சியிடம், மழையை, பஸ்ஸுக்கு. ஆங்கிலத்தில் அது பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக நிற்கும். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இந்த முன்-பின் வேறுபாட்டைக் குறித்திருக்கிறார். ஆனால் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதில் யாரும் தடுமாறுவதில்லை. ஒவ்வொரு வினையும் தனக்கென்று ஓர் ஒட்டைப் பிடித்து வைத்திருப்பதில்தான் தடுமாற்றம். தமிழில் 'நம்பு' என்றால் 'ஐ' (மழையை நம்பி), 'பயப்படு' என்றால் 'கு' (நாய்க்குப் பயந்து). ஆங்கில வினைகளும் இப்படித்தான், ஆனால் அவை பிடித்து வைத்திருப்பது வேறு. நாம் வினையை ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டு, ஒட்டைத் தமிழில் இருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைக்கிறோம்.

ஆகவே சந்தேகம் வந்த வாக்கியத்தில் முதலில் வினையைக் கண்டுபிடியுங்கள். அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். நீங்கள் போட்ட ப்ரிபொசிஷன் அந்தத் தமிழ் ஒட்டின் நேர் மொழிபெயர்ப்பாக இருந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். சில சமயம் இரண்டு மொழியும் ஒத்துப்போகும்: 'பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன்' என்பதும் 'வெயிட் ஃபார் த பஸ்' என்பதும் ஒன்றே. அதனால் அங்கே அழித்துவிடக் கூடாது, டிக்ஷனரியில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

அறிகுறி: வினைக்கு அடுத்து நீங்கள் போட்ட சொல்லின் அடியில் கம்ப்யூட்டர் இலக்கணத் தப்பென்று காட்டும் நீலக் கோடு

'வி டிஸ்கஸ்ட் அபௌட் த ஆர்டர்', 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் டூ டேஸ் லீவ்', 'தே ரீச்ட் டு த ஜங்ஷன்', 'ஐ இன்ஃபார்ம்ட் டு த மேனேஜர்', 'வி காண்டாக்டட் டு த பேங்க்'. நம் ஊரில் எழுதப்படும் ஆங்கிலத்தில் அதிகம் கண்ணில் படுவது இந்த வகை. எல்லாவற்றிலும் ப்ரிபொசிஷன் ஒன்று கூடுதல்.

காரணம் இரண்டு. முதலாவது மேலே சொன்ன தமிழ் ஒட்டு: 'ஆர்டரைப் பற்றிப் பேசினோம்' என்பதில் உள்ள 'பற்றி' 'அபௌட்' ஆகிவிட்டது, 'மேனேஜரிடம் சொன்னேன்' என்பதில் உள்ள 'இடம்' 'டு' ஆகிவிட்டது. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' கரைந்துபோய் இருக்கிறது. திரும்ப ஊற்ற வேண்டியதில்லை. 'அபௌட்' இல்லாமல் கை வரவில்லை என்றால் வினையை மாற்றிவிடுங்கள்: 'வி டாக்ட் அபௌட் த ஆர்டர்' முழுக்கச் சரி.

இரண்டாவது காரணத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. பெயர்ச்சொல்லுக்கு உரிய ப்ரிபொசிஷன் வினைக்குள் கசிந்து விடுகிறது. 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி, ஏனென்றால் அங்கே 'ரிக்வெஸ்ட்' பெயர். 'ஐ ரிக்வெஸ்ட்' என்னும்போது அது வினை, 'ஃபார்' கிடையாது. எழுத்து ஒன்றாக இருப்பதால் கண் ஏமாறுகிறது. கண்டுபிடிக்க எளிய வழி: அந்தச் சொல்லுக்கு முன்னால் 'எ', 'த', 'மை', 'யுவர்' இவற்றில் ஒன்று வந்தால் அது பெயர், ப்ரிபொசிஷன் இருக்கட்டும். 'ஐ', 'வி', 'தே' அல்லது ஆள் பெயர் வந்தால் அது வினை, எடுத்துவிடுங்கள்.

இதே கசிவில் சிக்குகிறவை: 'டிமாண்ட்', 'ஆர்டர்' (பெயருக்கு 'ஃபார்', வினைக்கு ஒன்றும் இல்லை), பற்றாக்குறை என்ற பொருளில் வரும் 'லேக்' (பெயருக்கு 'ஆஃப்': 'லேக் ஆஃப் வாட்டர்', ஆனால் 'வி லேக் வாட்டர்'), 'விசிட்', 'ஆன்சர்' (பெயருக்கு 'டு'). சொல் சற்று மாறும் ஜோடிகளும் உண்டு. 'எம்ஃபசிஸ் ஆன்' சரி, 'எம்ஃபசைஸ் ஆன்' தப்பு. 'என்ட்ரி இன்டு த ஹால்' சரி, 'என்டர் இன்டு த ஹால்' தப்பு. 'இன்வெஸ்டிகேஷன் இன்டு' சரி, 'இன்வெஸ்டிகேட் இன்டு' வேண்டாம். 'எஃபெக்ட் ஆன் த க்ராப்' சரி, 'அஃபெக்ட் ஆன் த க்ராப்' தப்பு.

கல்யாணப் பத்திரிகையும் இந்தக் கசிவுக்கு ஒரு கிணறு. 'மேரேஜ் ஆஃப்' என்று தொடங்கி மணமகன் பெயர், பிறகு 'வித்', பிறகு மணமகள் பெயர் என்று அச்சடிப்பது வழக்கம். அங்கே 'மேரேஜ்' பெயர், 'வித்' நிற்கலாம். அதைப் பார்த்துப் பழகி, 'ஹி மேரிட் வித் எ டீச்சர்' என்று எழுதினால் தப்பு. 'ஹி மேரிட் எ டீச்சர்' என்றோ 'ஹி இஸ் மேரிட் டு எ டீச்சர்' என்றோதான் வரும்.

'ரிக்வெஸ்ட்' மனுக்களில் தினமும் வருவதால் அதன் மூன்று அமைப்புகளையும் தனியாகக் குறித்து வையுங்கள். பொருளைக் கேட்டால் 'ஐ ரிக்வெஸ்ட் டூ டேஸ் லீவ்'. ஆளைக் கேட்டால் 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிரான்ட் மீ லீவ்'. பெயராக்கினால் 'ஐ அம் ரைட்டிங் வித் எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்'. முதலாவதையும் மூன்றாவதையும் கலந்தால் வருவதுதான் 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்'. ('ஐ கைன்ட்லி ரிக்வெஸ்ட்' என்பதில் 'கைன்ட்லி' எழுதுகிறவரையே அன்பானவர் என்று புகழ்கிறது. அது ப்ரிபொசிஷன் சங்கதி இல்லை, ஆனாலும் எடுத்துவிடுவது நல்லது.)

'ஃபார்' எங்கே கண்டாலும் வெட்டுகிற வேகம் வரக் கூடாது. 'ஆஸ்க் ஃபார்', 'ஹோப் ஃபார்', 'அப்ளை ஃபார்' ஆகியவற்றில் வினைக்கே 'ஃபார்' உரியது.

ஊர் வந்து சேர்வதற்கு மூன்று வினை, மூன்று நடத்தை. 'ரீச்' தனியாக நிற்கும்: 'வி ரீச்ட் அம்பாசமுத்திரம்'. 'அரைவ்' ஊருக்கு 'இன்', நிலையத்துக்கும் கட்டடத்துக்கும் 'அட்': 'அரைவ்ட் இன் திருநெல்வேலி', 'அரைவ்ட் அட் த ஜங்ஷன்'. 'கெட்' என்றால்தான் 'டு': 'காட் டு பாபநாசம்'. வீட்டுக்கு மட்டும் எதுவும் வேண்டாம்: 'ரீச்ட் ஹோம்', 'காட் ஹோம்'.

'கோப் அப் வித்' என்பதும் கூடுதல் கேஸ்தான், கூடுதலாக இருப்பது நடுவில் உள்ள 'அப்'. 'கீப் அப் வித்' பக்கத்தில் இருந்து ஒட்டிக்கொண்டது. 'கோப் வித்' போதும்.

அறிகுறி: வினையும் பெயரும் முட்டிக்கொண்டு நிற்கின்றன

'ப்ளீஸ் ரிப்ளை மீ', 'எக்ஸ்ப்ளெயின் மீ த ரூல்', 'லிசன் திஸ் ஆடியோ', 'டிஸ்போஸ் த வேஸ்ட்'. இங்கே ப்ரிபொசிஷன் தொலைந்திருக்கிறது.

'எனக்கு விளக்கு' என்பதில் 'கு' இருக்கிறதே, அப்படியானால் 'டு' தானாக வந்திருக்க வேண்டாமா? வராததற்குக் காரணம் 'கிவ் மீ', 'டெல் மீ', 'ஷோ மீ', 'சென்ட் மீ'. இவற்றில் 'எனக்கு' என்பது ஒட்டில்லாமல் 'மீ' என்று மட்டும் வருகிறது. அந்தச் சலுகை எல்லா வினைக்கும் உண்டென்று கை நினைத்துக்கொள்கிறது. 'எக்ஸ்ப்ளெயின்', 'டிஸ்க்ரைப்', 'சஜெஸ்ட்', 'சே', 'அனௌன்ஸ்' ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆள் வந்தால் 'டு' வேண்டும்: 'எக்ஸ்ப்ளெயின் த ரூல் டு மீ'. 'டெல்', 'சே' இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள். 'டெல் ஹிம்', 'சே டு ஹிம்'. 'அவன்ட்ட சொன்னேன்' என்று நாம் இரண்டுக்கும் ஒரே ஒட்டைப் போடுவதால் 'டோல்ட் டு ஹிம்' என்று எழுதிவிடுகிறோம்.

'ரிப்ளை'க்கும் 'ஆன்சர்'க்கும் பொருள் ஒன்று, நடத்தை வேறு. 'ஆன்சர் மை லெட்டர்', 'ரிப்ளை டு மை லெட்டர்'. 'வெயிட் ஃபார் யுவர் ரிப்ளை', 'அவெய்ட் யுவர் ரிப்ளை'. இந்த இரண்டு ஜோடிகளும் எல்லாக் கடிதத்தின் கடைசி வரியிலும் வருவன. 'அவெய்ட்டிங் ஃபார்' என்று இரண்டையும் கலக்காதீர்கள்.

திருட்டுப் புகார் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது 'ஸ்டீல்', 'ராப்'. திருடனுக்கு இரண்டும் ஒன்று, இலக்கணத்துக்கு இல்லை. 'ஸ்டீல்' என்றால் போன பொருள் முதலில்: 'தே ஸ்டோல் த செயின் ஃப்ரம் மை சிஸ்டர்'. 'ராப்' என்றால் பறிகொடுத்த ஆள் முதலில், பொருளுக்கு 'ஆஃப்': 'தே ராப்ட் மை சிஸ்டர் ஆஃப் ஹெர் செயின்'. 'மை செயின் வாஸ் ராப்ட்' என்றால் செயினிடம் இருந்தே ஏதோ பறித்ததாக ஆகிவிடும். 'வாஸ் ஸ்டோலன்' என்று எழுதுங்கள்.

அறிகுறி: ப்ரிபொசிஷன் இருக்கிறது, ஆனால் கோடு 'வேறு போடு' என்கிறது

இங்கே தமிழ் ஒட்டை வைத்தே பிரித்துப் பார்க்கலாம்.

'ஐ' இருந்தால் ஆங்கிலத்தில் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றும். 'பிசான நெல் சாகுபடி வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிறது' என்பதை 'டிபெண்ட்ஸ் த மான்சூன்' என்று எழுதினால் தப்பு, 'டிபெண்ட்ஸ் ஆன் த மான்சூன்'. 'அபான்' போட்டாலும் சரியே, சற்றுப் பழைய வாடை அடிக்கும். 'டிபெண்டிங் ஆஃப்' கிடையவே கிடையாது.

'ஆல்' இருந்தால் கை 'பை' தேடும். 'காய்ச்சலால் அவதிப்பட்டார்' என்பது 'சஃபர்ட் ஃப்ரம் ஃபீவர்'. 'புற்றுநோயால் இறந்தார்' என்பது 'டைட் ஆஃப் கேன்சர்'.

'மேல்' இருந்தால் 'ஆன்' வந்து உட்காரும். 'அவர் மேல் புகார் கொடுத்தேன்' என்பதை 'கம்ப்ளெயின்ட் ஆன் ஹிம்' என்று எழுதுகிறோம். வினையாக எழுதினால் யாரிடம் என்பதற்கு 'டு', எதைப் பற்றி என்பதற்கு 'அபௌட்': 'ஐ வில் கம்ப்ளெயின் டு த தாசில்தார் அபௌட் த சேனல்'. பெயராக எழுதினால் 'எ கம்ப்ளெயின்ட் அகெய்ன்ஸ்ட்'. வினைக்கு முடிவில் 'ன்' மட்டும், பெயருக்கு 'ன்ட்'. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறவர் ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டையும் ஒரே மனுவில் பயன்படுத்த நேரும்.

'விட' இருந்தால் கை 'தேன்' (ஒப்பிடும்போது வரும் ஆங்கிலச் சொல்) தேடும், ஆனால் 'ப்ரிஃபர்' கேட்பது 'டு'. 'காப்பியை விட டீ பிடிக்கும்' என்பது 'ப்ரிஃபர் டீ டு காபி'.

'க்காக' இருந்தால் 'ஃபார்' பெரும்பாலும் தப்பிக்கும், 'கங்க்ராஜுலேட்' மட்டும் 'ஆன்' கேட்கும். 'எங்களைப் போகவிடாமல் தடுத்தார்' என்பதற்கு 'ப்ரிவென்டட் அஸ் ஃப்ரம் கோயிங்'. 'ப்ரிவென்டட் அஸ் டு கோ' ஆகாது.

அறிகுறி: எந்தக் கோடும் இல்லை, ஆனால் படித்தவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார்

இதுதான் ஆபத்தானது. வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாக இருக்கும், கம்ப்யூட்டர் பேசாமல் இருக்கும். 'த போலீஸ் சர்ச்ட் ஃபார் த பாய்' என்றால் பையனைத் தேடினார்கள். 'ஃபார்' விட்டுப்போனால் பையனின் சட்டைப்பையைச் சோதனை போட்டார்கள். 'ஐ வில் அட்டென்ட் த மீட்டிங்' என்றால் கூட்டத்துக்கு வருவேன், 'அட்டென்ட் டு த கம்ப்ளெயின்ட்' என்றால் புகாரைக் கவனிப்பேன். 'ஷவுட் டு' தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுவது, 'ஷவுட் அட்' ஏசுவது. 'ரிசல்ட் இன்' பின்விளைவைச் சொல்லும், 'ரிசல்ட் ஃப்ரம்' காரணத்தைச் சொல்லும். இரண்டையும் மாற்றிப் போட்டால் மழையால் உடைந்த கண்மாய்க் கரை, கரை உடைந்ததால் பெய்த மழையாகிவிடும்.

'அக்ரீ' வியாபாரக் கடிதத்தில் பணத்தோடு சம்பந்தப்பட்டது. 'அக்ரீ வித் யூ' என்றால் உங்கள் கருத்தோடு ஒத்துப்போகிறேன், அவ்வளவுதான். 'அக்ரீ டு யுவர் ப்ரைஸ்' என்றால் நீங்கள் சொன்ன விலைக்குச் சம்மதம். 'அக்ரீ ஆன் எ ப்ரைஸ்' என்றால் இருவரும் பேசி ஒரு விலைக்கு வந்தோம். பேச்சு இன்னும் முடியாதபோது 'டு' போட்டுவிட்டு, பிறகு விலை குறைக்கச் சொல்வது கஷ்டம்.

'சப்ஸ்டிட்யூட்' ஒன்றுக்கு நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் இதில் தலைகீழாகப் போகும். அல்வாவில் சர்க்கரையை எடுத்துவிட்டுக் கருப்பட்டி போடுகிறீர்கள் என்று வையுங்கள். 'சப்ஸ்டிட்யூட் கருப்பட்டி ஃபார் ஷுகர்': சட்டிக்குள் போவது வினைக்கு அடுத்து, வெளியே போவது 'ஃபார்'க்குப் பின். 'ரிப்ளேஸ் ஷுகர் வித் கருப்பட்டி': இங்கே வெளியே போவது முன்னால், உள்ளே வருவது 'வித்'துக்குப் பின். தமிழில் 'சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி' என்று வெளியே போவதை முதலில் சொல்கிறோம். அதே வரிசையில் 'சப்ஸ்டிட்யூட் ஷுகர் ஃபார் கருப்பட்டி' என்று எழுதினால், கருப்பட்டி அல்வாவில் சர்க்கரையைக் கலந்ததாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'சப்ஸ்டிட்யூட்' உடன் 'வித்' போடுகிறவர்களும் இப்போது நிறைய. அது குழப்பத்தை இன்னும் கூட்டும். நமக்குப் பாதுகாப்பு 'ரிப்ளேஸ் ... வித்'. சர்க்கரை முதலில் வரும் தமிழ் வரிசையோடும் அது பொருந்துகிறது.

அறிகுறி: வாக்கியத்தின் வால் அறுந்தது போல் இருக்கிறது

'த ஸ்கூல் விச் ஐ ஸ்டடீட்', 'த போஸ்ட் விச் ஐ அப்ளைட்', 'எ சேர் டு சிட்'. தனி வாக்கியமாகச் சொல்லச் சொன்னால் சரியாகச் சொல்கிறவர்களும் இங்கே தவறுகிறார்கள். காரணம் தமிழ்ப் பெயரெச்சம். 'பள்ளிக்கூடத்தில் படித்தேன்', 'வேலைக்கு விண்ணப்பித்தேன்', 'நாற்காலியில் உட்கார்ந்தேன்' என்பவற்றில் ஒட்டு இருக்கிறது. இவற்றையே 'நான் படித்த பள்ளிக்கூடம்', 'விண்ணப்பித்த வேலை', 'உட்கார்ந்த நாற்காலி' என்று திருப்பியதும் 'இல்', 'கு' எல்லாம் மறைந்துவிடுகின்றன. நமக்கு அவை இல்லாதது தெரிவதே இல்லை, பெயரெச்சம் அவற்றை விழுங்கிவிட்டது. ஆங்கிலம் விழுங்காது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ப்ரிபொசிஷன் எங்காவது ஓரிடத்தில் நின்றாக வேண்டும். 'த ஸ்கூல் விச் ஐ ஸ்டடீட்' என்று விட்டால், பள்ளிக்கூடத்தையே ஒரு பொருளாக வைத்து ஆராய்ச்சி செய்ததாக அர்த்தமாகும்.

சரிசெய்வது இப்படி. பெயரெச்சத்தை முழு வாக்கியமாக விரியுங்கள்: 'ஐ அப்ளைட் ஃபார் த போஸ்ட்'. அதில் வினைக்கும் பெயருக்கும் இடையில் நிற்பது 'ஃபார்'. அதை மறுபடி சேர்க்க இரண்டு இடம் உண்டு. கடைசியில் வைக்கலாம்: 'த போஸ்ட் ஐ அப்ளைட் ஃபார்'. 'விச்'சுக்கு முன்னால் வைக்கலாம்: 'த போஸ்ட் ஃபார் விச் ஐ அப்ளைட்'. ஆள் என்றால் 'ஹூம்'. 'தட்' போட்டிருந்தால் முன்னால் வைக்க இடமில்லை, கடைசியில்தான். 'வேர்' போட்டால் ப்ரிபொசிஷனே வேண்டாம்: 'த ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீட்'. பயந்துபோய் இரண்டு இடத்திலும் வைத்து 'த ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்' என்று எழுதுவதும் நடக்கிறது. ஒன்றை எடுங்கள்.

வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். 1672இல் ஜான் டிரைடன், பென் ஜான்சன் எழுதியதில் இதைக் குறையாகச் சுட்டினார். அதிலிருந்து இலக்கணக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் அப்படி முடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கலெக்டருக்கு எழுதும்போது 'ஃபார் விச்', கூட்டாளிக்கு எழுதும்போது 'அப்ளைட் ஃபார்' என்று பிரித்துக்கொள்வது போதும்.

செயப்பாட்டு வினையிலும் இதே வால் அறும். 'யுவர் கம்ப்ளெயின்ட் இஸ் பீயிங் லுக்ட்' என்று நிறுத்தினால் புகாரை வெறுமனே முறைத்துப் பார்க்கிறார்கள் என்றுகூட ஆகாது, ஒன்றுமே ஆகாது. 'லுக்ட் இன்டு' என்று முடியுங்கள். 'உட்கார நாற்காலி' என்பதற்கு 'எ சேர் டு சிட் ஆன்', 'குடியிருக்க வீடு' என்பதற்கு 'எ ஹவுஸ் டு லிவ் இன்'.

அறிகுறி: 'டு'வுக்குப் பின் வினையில் கோடு

'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ'. 'டு' வந்துவிட்டது, ஆனாலும் தப்பு. 'டு' என்ற எழுத்தில் இரண்டு ஆள் இருக்கிறார்கள். ஒன்று 'வான்ட் டு கோ'வில் வரும் 'டு', அது 'போக' என்பதில் உள்ள 'அ' மாதிரி. மற்றது ப்ரிபொசிஷன், அது 'கு' மாதிரி. 'கு' வர வேண்டும் என்றால் வினை பெயராக வேண்டும்: 'போவதற்கு', 'கேட்பதற்கு'. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது 'இங்'.

எது எது என்று தெரிய, 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டு நிறுத்திப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது. ஆகவே ப்ரிபொசிஷன், 'ஹியரிங்' வேண்டும். 'வான்ட் டு இட்' நிற்கவில்லை. ஆகவே வெறும் வினை. 'அப்ஜெக்ட் டு', 'கமிட்டட் டு', 'யூஸ்ட் டு' ('பழகிப்போன' என்ற பொருளில், முன்னால் 'அம்', 'இஸ்', 'ஆர்' இருக்கும்) எல்லாம் 'இட்' தாங்கும், எல்லாவற்றுக்கும் 'இங்'.

அறிகுறி: 'இட்' எங்கே போவது என்று தெரியவில்லை

'ஃபில் இன் இட்'டா, 'ஃபில் இட் இன்'னா? இங்கே 'இன்' ப்ரிபொசிஷனே இல்லை, வினையோடு பிறந்த துண்டு. அப்படிப்பட்டது பெயருக்கு இரண்டு பக்கமும் நிற்கும்: 'ஃபில் இன் த ஃபார்ம்', 'ஃபில் த ஃபார்ம் இன்'. 'இட்', 'தெம்' போன்றவை வந்தால் நடுவில்தான். 'லுக் ஆஃப்டர் த சைல்ட்' என்பதை 'லுக் த சைல்ட் ஆஃப்டர்' என்று திருப்ப முடியாது. ஆகவே அது ப்ரிபொசிஷன், 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்று கடைசியில்தான் வரும்.

இரண்டு வினைக்கு ஒரு ப்ரிபொசிஷன் போதுமா என்ற கேள்வியும் பக்கத்திலேயே வரும். இரண்டும் ஒரே சொல்லைக் கேட்டால் போதும்: 'வி லிசன்ட் அண்ட் ரெஸ்பாண்டட் டு தெம்'. வேறு வேறு கேட்டால் இரண்டையும் எழுதுங்கள்: 'அப்ளைட் ஃபார் அண்ட் டிபெண்டட் ஆன் த லோன்'.

டிக்ஷனரியில் எங்கே பார்ப்பது

ஆங்கிலம்-தமிழ் அகராதி இதற்கு அதிகம் உதவாது, அது பெரும்பாலும் அர்த்தத்தை மட்டும் சொல்லும். ஆங்கிலம் கற்கிறவர்களுக்கென்று வந்த லேர்னர்ஸ் டிக்ஷனரியை எடுங்கள். வினைக்குப் பக்கத்தில் 'டிரான்சிட்டிவ்', 'இன்ட்ரான்சிட்டிவ்' என்ற குறிப்போ அவற்றின் முதலெழுத்தோ இருக்கும். முதலாவது என்றால் பெயர் நேரடியாக வரும், இரண்டாவது என்றால் இடையில் ப்ரிபொசிஷன் தேவை. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ப்ரிபொசிஷனோடு சேர்த்து அச்சிட்ட தொடர்தான் நீங்கள் தேடி வந்தது. எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படித்துவிடுங்கள். வெறும் கூகுளில் தேடி எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள், 'டிஸ்கஸ் அபௌட்' லட்சக்கணக்கில் கிடைக்கும்.

ஒரு மெயில், வரி வரியாக

பாய் வியாபாரி அனுப்பும் மெயில் ஒன்று: 'டியர் சார், வி டிஸ்கஸ்ட் அபௌட் யுவர் ஆர்டர். வி ரிக்வெஸ்ட் ஃபார் ஹாஃப் த அமௌன்ட் இன் அட்வான்ஸ். த மேட்ஸ் வில் ரீச் டு யூ ஆன் மண்டே. த சைஸ் விச் யூ ஆஸ்க்ட் இஸ் அவெய்லபிள். ப்ளீஸ் ரிப்ளை அஸ். வி ஆர் அவெய்ட்டிங் ஃபார் யுவர் பேமென்ட்.'

முதல் வரியில் 'அபௌட்' போகட்டும். இரண்டாவதில் முன்னால் 'வி' இருக்கிறது, ஆகவே வினை, 'ஃபார்' போகட்டும். மூன்றாவதில் 'டு' போனால் 'ரீச் யூ', 'ஆன் மண்டே' இருக்கட்டும். நான்காவதை விரித்தால் 'யூ ஆஸ்க்ட் ஃபார் த சைஸ்'. எனவே 'த சைஸ் யூ ஆஸ்க்ட் ஃபார் இஸ் அவெய்லபிள்', இங்கே மட்டும் ஒரு ப்ரிபொசிஷன் கூடுகிறது. ஐந்தாவதில் 'ரிப்ளை டு அஸ்' இலக்கணப்படி சரி, ஆனால் மெயிலில் 'ப்ளீஸ் ரிப்ளை' என்று நிறுத்துவதே இயல்பு. ஆறாவதில் 'அவெய்ட்டிங் யுவர் பேமென்ட்', இல்லையென்றால் 'வெயிட்டிங் ஃபார்'. கடன் கேட்பது போல் ஒலிக்கக் கூடாது என்று நினைத்தால் 'வி லுக் ஃபார்வர்ட் டு ரிசீவிங் யுவர் பேமென்ட்'.

கோடு விழுந்தாலும் விட்டுவிட வேண்டியவை

சில இடத்தில் கம்ப்யூட்டர் அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும், நீங்கள் பிரிட்டிஷ் வழியில் எழுதியிருப்பீர்கள். 'ரைட் டு மீ' பிரிட்டிஷ், 'ரைட் மீ' அமெரிக்க வழக்கு. 'ப்ரொடெஸ்ட் அகெய்ன்ஸ்ட் த டிசிஷன்' பிரிட்டிஷ், 'ப்ரொடெஸ்ட் த டிசிஷன்' அமெரிக்க வழக்கு. 'ஃபில் இன்' என்றாலும் 'ஃபில் அவுட்' என்றாலும் ஃபார்ம் நிரம்பும். நம் ஊர் ஆபீஸ்களுக்குப் பிரிட்டிஷ் வழி பழக்கம் என்பதால் அதிலேயே இருங்கள், ஆனால் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம். ப்ரோகிராமின் மொழி அமைப்பில் 'இங்கிலீஷ் (இந்தியா)' அல்லது 'இங்கிலீஷ் (யுனைடெட் கிங்டம்)' என்று மாற்றிவிட்டால் இந்த வகைக் கோடுகளில் பல விழாது. 'டிஸ்கஸ் அபௌட்' மேல் விழுந்த கோடு மட்டும் எந்த அமைப்பிலும் அப்படியே இருக்கும்.